சறுக்குவதற்கு முன்னால் ஏற வேண்டுமே! – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு நாள் பயணம் பற்றி எழுதியிருந்தேன். டோக்கியோவிலிருந்து விடிகாலையில் கிளம்பி, தனிகாவா மலையில் ஸ்னோஷூ (பனியில் கால் புதையாமலிருக்க பூட்ஸுக்கு அடியில் கட்டும் அகலச் சட்டம்) மாட்டிக்கொண்டு ஏறி, முதுகில் சுமந்துபோன ஸ்னோபோர்டிலேயே சறுக்கி இறங்கி, ராத்திரிக்குள் வீடு திரும்பும் பயணம். லிஃப்ட், வேலி, ரோந்துக்காரர்கள் என்று எதுவும் இல்லாத மலைப்பகுதியில் இப்படிப் போவதை ‘பேக்கன்ட்ரி’ என்கிறார்கள். கடிதங்கள் குவிந்துவிட்டன என்றெல்லாம் கதை விடமாட்டேன். வந்தவை உருப்படியான கேள்விகள், அதனால் இந்தப் பக்கம் முழுவதையும் அவற்றுக்கே விட்டுவிட்டேன்.

லிஃப்ட் போட்ட பனிச்சறுக்கு மைதானங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும் நாட்டில், பலகையை முதுகில் கட்டிக்கொண்டு மூச்சு வாங்க மலை ஏறுவது என்ன வேண்டுதலா? – சென்னை வாசகர்

வேண்டுதல் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மொட்டை மட்டும் போடுவதில்லை.

காரணம் பனிதான். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து கிளம்பும் வறண்ட குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டி வருகிறது. அந்தக் கடலில் சுஷிமா என்ற வெதுவெதுப்பான நீரோட்டம் ஓடுவதால் காற்று வழியெல்லாம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு ஜப்பானின் பெரிய தீவான ஹொன்ஷூவின் முதுகெலும்பு மாதிரி நிற்கும் மலைகளில் மோதி மேலே எழும்பி, சுமந்து வந்ததையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. கொட்டுவது என்றால் சும்மா இல்லை. 1927 பிப்ரவரியில் இபுகி மலையில் அளந்த பனியின் ஆழம் 11.82 மீட்டர், கிட்டத்தட்ட நாலு மாடி. ஹொன்ஷூவின் வடகோடியில் அயோமோரி பக்கம் சுகாயு என்ற வெந்நீர் ஊற்று ஊரில் 2013 பிப்ரவரியில் 5.66 மீட்டர். அதே நேரத்தில் மலைக்கு இந்தப் பக்கம் டோக்கியோவில் பளிச்சென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும், ஜனங்கள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இவ்வளவு பனி விழுந்தும், மைதானத்துக்குள் அது காலை பத்து மணிக்கெல்லாம் உழுத வயலாகிவிடும். எல்லாரும் அதே லிஃப்டில் ஏறி அதே சரிவில்தானே இறங்குகிறார்கள்! வேலிக்கு அப்பால் அரை மணி நேரம் நடந்தால், மத்தியானம் இரண்டு மணிக்குக்கூட ஒரு கோடு விழாத சரிவு கிடைக்கும். நடக்கத் தயாராக இருப்பவர்கள் குறைவு. அவ்வளவுதான் ரகசியம்.

நானும் என் மனைவியும் மைதானத்தில் நடுத்தரச் சரிவுகளில் தடுமாறாமல் ஸ்னோபோர்டு ஓட்டுவோம். மலை ஏறிய பழக்கம் கொஞ்சம்தான். முதல் தடவைக்குத் தனிகாவா சரிப்படுமா? அந்த நாள் எப்படிப் போகும்? – நிஷிகசாய், டோக்கியோ

சரிப்படும், ஆனால் சிகரத்துக்கு என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

முதலில் அந்த மலையைப் பற்றி. தனிகாவா குன்மா, நீகாதா மாகாணங்களின் எல்லையில் நிற்கிறது. இரட்டைச் சிகரம்: தோமா-நோ-மிமி 1,963 மீட்டர், ஓகி-நோ-மிமி 1,977 மீட்டர். நம் தொட்டபெட்டா இதைவிட உயரம். ஆனால் 1931 முதல் இங்கே இறந்தவர்கள் 800 பேருக்கு மேல். அந்த வருடம்தான் ஷிமிசு ரயில் சுரங்கம் திறந்தது. டோக்கியோக்காரர்கள் ராத்திரி ரயில் ஏறி விடியும்போது மலையடியில் இறங்க முடிந்தது, இறந்தவர்களில் பெரும்பாலானோர் கிழக்குப் பக்கத்துப் பாறைச் சுவர்களில் போய் விழுந்தவர்கள். நீங்கள் போகப்போவது அந்தப் பக்கம் இல்லை. இருந்தாலும் அது எந்த மலை என்று தெரிந்துகொண்டே போங்கள்.

டோக்கியோவிலிருந்து ஜோஎத்சு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலைப் பிடித்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் ஜோமோ-கோகென் ஸ்டேஷன். அங்கிருந்து முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் பஸ், நேரே ரோப்வே அடிவாரத்துக்கே போய்விடும். சிலர் சாதாரண ரயிலில் தோஆய் ஸ்டேஷன் வரை போகலாமே, மிச்சமாகுமே என்பார்கள். போகலாம். அந்தப் பக்கத்து நடைமேடை சுரங்கத்துக்குள்ளே இருக்கிறது, வெளியே வர 462 படி. பலகை, பூட்ஸ், ஷவல் எல்லாம் முதுகில் இருக்கும்போது அந்தப் படிகள் நல்ல பாடம் கற்பிக்கும். பஸ்ஸிலேயே போங்கள்.

ரோப்வே உங்களை 1,319 மீட்டரில் இருக்கும் தென்ஜின்தைராவில் விடும். அங்கே சின்னதாக ஒரு சறுக்கு மைதானம். அதை ஒட்டி மேலே தென்ஜின் முகடு. முகட்டில் ஏறியதும் ஒரு சங்கதி கவனிப்பீர்கள்: குமாஅனா-சாவா அவசரக் குடில் வரைக்கும் பாதை பெரிதாக ஏறாது, மேடும் பள்ளமுமாகச் சும்மா அலைந்துகொண்டே போகும். நடப்பவருக்கு இது சுகம். திரும்பி வரும்போதுதான் தெரியும். ஸ்கீக்காரர் இரண்டு கம்பு ஊன்றி நாலு தள்ளுத் தள்ளினால் போய்விடுவார். நமக்கு இரண்டு காலும் ஒரே பலகையில் பூட்டியிருக்கும். மேலேயிருந்து சரசரவென்று வந்து, வேகம் செத்து, நடு முகட்டில் நின்று, பலகையைக் கழற்றினால் இடுப்பு வரை உள்ளே போகும். மறுபடி பையை இறக்கி, ஸ்னோஷூவை எடுத்து, விறைத்த பட்டையை விறைத்த விரலால் இழுத்து மாட்ட வேண்டும். ஸ்னோபோர்டுக்காரருக்குச் செங்குத்துச் சரிவு எதிரி இல்லை, சமதளம்தான் எமன். ஜப்பான் மலைகளில் சமதளம் நிறைய.

அதனால் நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: இறங்கும் சரிவைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஏறும் வழியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஏறியது எந்த வழியோ அதன் ஓரமாகவே இறங்க முடியுமா? எங்கே நின்றுபோவோம் என்று ஏறும்போதே பார்த்து வைத்துக்கொண்டோமா? ஆமென்றால் அது உங்கள் அளவுக்கான பயணம். முகட்டிலிருந்து கிழக்கே நிஷிகுரோ-சாவா என்ற பள்ளத்தாக்கு அகலமாக, வெள்ளை வெளேரென்று கூப்பிடும். நல்ல ஓட்டக்காரர்கள் வசந்தகாலத்தில் அதில் இறங்குகிறார்கள் என்பது உண்மை. அது பெரிய பனிச்சரிவுகள், அதாவது மலைப்பனி மொத்தமாகப் பெயர்ந்து விழும் அவலாஞ்சுகள், இறங்கும் வாய்க்கால் என்பதும் உண்மை. முதல் தடவை அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்.

நேரக் கணக்குக்கு வருவோம். யாரோ மிதித்து இறுகிய தடத்தில் ஸ்னோஷூவில் மணிக்கு 300 மீட்டர் உயரம் ஏறினால் நல்ல வேகம். முழங்கால் ஆழப் புதுப்பனியை நீங்களே உடைத்துக்கொண்டு போனால் அதில் பாதி வந்தாலே பெரிய விஷயம். தென்ஜின்தைராவிலிருந்து சிகரத்துக்கு 650 மீட்டர் போல ஏற்றம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். காலை ஒன்பதரைக்கு நடக்க ஆரம்பித்து, பன்னிரண்டரை ஆனதும் எங்கே நிற்கிறீர்களோ அங்கே பலகையை மாட்டுங்கள். சிகரம் கண்ணுக்கெதிரே நின்றாலும் சரி. கடைசி ரோப்வே உங்களுக்காக நிற்காது.

ஸ்னோஷூவா, இரண்டாகப் பிரியும் ஸ்ப்ளிட்போர்டா? கடைக்காரர் ஸ்ப்ளிட்போர்டு வாங்கச் சொல்கிறார். – சிங்கப்பூர் வாசகர்

கடைக்காரர் வேறு என்ன சொல்வார்!

ஸ்ப்ளிட்போர்டு நீளவாக்கில் இரண்டாகப் பிரிந்து ஏறும்போது ஸ்கீ மாதிரி ஆகிவிடும். அடியில் ஒட்டும் பட்டை முன்னால் வழுக்கும், பின்னால் வழுக்காது. 1990களில் சந்தைக்கு வந்தது, ஆழப் பனியில் ஸ்னோஷூவைவிட நிச்சயம் வேகம், முதுகில் பாரமும் இல்லை. ஆனால் விலை, பிரித்துச் சேர்க்கும் வித்தை, பட்டையில் ஈரம் ஏறிப் பசை விட்டுப்போகும் தொல்லை என்று அது தனி உலகம். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை போகிறவருக்கு, வைத்திருக்கும் பலகையும் வாடகை ஸ்னோஷூவும் போதும். குதிகாலுக்குக் கீழே தூக்கி விடும் கம்பி உள்ள ஸ்னோஷூவாகக் கேட்டு வாங்குங்கள், செங்குத்தில் கெண்டைக்கால் பிழைத்துப்போகும். அடியில் பல் கூர்மையாக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வாடகைக் கடைகளில் பாதி மழுங்கிப்போயிருக்கும்.

இன்னொன்று, முதுகில் நிமிர்த்திக் கட்டிய பலகை முகட்டுக் காற்றில் பாய்மரம் ஆகிவிடும். பையில் இறுக்கமாக, முடிந்தவரை தாழ்வாகக் கட்டுங்கள். மரக்கிளை தாழ்ந்த இடங்களில் நீங்கள் குனிந்துவிடுவீர்கள், பலகை குனியாது. தலைக்கு மேலே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மூக்கு கிளையைத் தட்டி, மொத்தப் பனியையும் உங்கள் கழுத்துக்குள் கொட்டும்.

மடக்கும் கம்பு இரண்டு அவசியம். ‘ஸ்னோபோர்டுக்கு எதற்குக் கம்பு’ என்று கேட்பவரை முன்பு சொன்ன முகட்டுக்குக் கூட்டிப்போங்கள்.

தனியாகப் போகலாமா? – கோயம்புத்தூர்

வேண்டாம்.

ஸ்னோஷூவில் ஏறிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த ஸ்கீக்காரர் ஒருவர் தடத்தை விட்டு விலகி நடக்கச் சொல்லி முகம் சுளித்தார். மலை அவர் பாட்டன் சொத்தா? – யோகோஹாமா

கோபம் புரிகிறது, ஆனால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஸ்கீயில் ஏறுகிறவர்கள் போடும் தடம் வழவழப்பான இரண்டு தண்டவாளம் மாதிரி இருக்கும். அதில் ஸ்னோஷூ ஏறினால் குழி குழியாகிவிடும், ராத்திரி உறைந்தால் மறுநாள் வருபவருக்கு அது கரடுமுரடான படிக்கட்டு. பக்கத்தில் ஒரு அடி தள்ளி உங்கள் தடத்தைத் தனியாகப் போட்டுக்கொள்வதுதான் மரியாதை. இடமே இல்லாத குறுகிய முகட்டில் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

தடம் போடுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம். புதுப்பனியை உடைத்துக்கொண்டு முன்னால் போவதை அங்கே ‘ரஸ்ஸெல்’ என்பார்கள். அது முதல் ஆளை உறிஞ்சி எடுத்துவிடும் வேலை. தெரிந்தவர்கள் கூட்டமாகப் போகும்போது பாருங்கள்: முன்னால் போகிறவர் ஒரு நூறு எட்டு வைத்ததும் ஒன்றும் சொல்லாமல் ஓரம் ஒதுங்கி நின்றுகொள்வார், எல்லாரும் தாண்டிப் போனதும் கடைசியில் சேர்ந்துகொள்வார், அடுத்தவர் முன்னால். யாரும் யாரையும் ‘உன் முறை’ என்று கேட்பதில்லை. முன்பின் தெரியாத இரண்டு கோஷ்டிகள் வழியில் சந்தித்தால்கூட இது தானாக நடக்கும். பின்னாலேயே சொகுசாக வந்து, கடைசி ஐம்பது மீட்டரில் முந்திக்கொண்டு முதல் கோடு போட்டு இறங்குகிறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி அன்று மாலை வெந்நீர்த் தொட்டியில் என்ன பேசுவார்கள் என்று எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

யாரோ போட்ட தடத்தில் போய், அவர்களைத் தாண்ட நேர்ந்தால் ‘ரஸ்ஸெல், அரிகதோ’ (தடம் போட்டதற்கு நன்றி) என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அப்புறம் நீங்களும் கொஞ்ச தூரம் முன்னால் போங்கள்.

பீக்கன் வாங்கிவிட்டேன். இனி பனிச்சரிவு பயம் இல்லைதானே? – பெங்களூரு வாசகர்

இந்தக் கேள்விக்குத்தான் அதிக இடம் ஒதுக்கி வைத்திருந்தேன்.

பீக்கன் பனிச்சரிவைத் தடுக்காது. அது 457 கிலோஹெர்ட்ஸில் விடாமல் ரேடியோ சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டி. நீங்கள் புதைந்தபின் மற்றவர்கள் தங்கள் பெட்டியைத் தேடும் நிலைக்கு மாற்றி உங்களைக் கண்டுபிடிக்க உதவும். கிட்டத்தில் வந்ததும் புரோப் என்ற நீளக் குச்சியால் குத்திப் பார்த்து, அது எதிலாவது மெத்தென்று முட்டினால் குச்சியை உருவாமல் அப்படியே விட்டுவிட்டு, சற்றுக் கீழ்ப்பக்கமாக நின்று ஷவலால் தோண்ட வேண்டும். சரிந்து நின்ற பனி கான்கிரீட் மாதிரி இறுகிவிடும், பிளாஸ்டிக் ஷவல் உடையும், அலுமினியமாகப் பாருங்கள். முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள், அதன்பின் கணக்கு மளமளவென்று கீழே விழுகிறது. ஹெலிகாப்டர் வரும் நேரம் இல்லை அது. உங்களைத் தோண்டப்போவது உங்களோடு வந்தவர்தான். அதனால் நீங்கள் நல்ல பீக்கன் வாங்கியது முக்கியமில்லை, உங்கள் நண்பருக்கு அதை இயக்கத் தெரியுமா என்பதுதான் முக்கியம்.

ஒரு சின்ன விஷயம், பலர் கவனிப்பதில்லை: போனைப் பீக்கனுக்குப் பக்கத்துப் பையில் வைக்காதீர்கள். சாதாரணமாக 20 சென்டிமீட்டராவது தள்ளி, தேடும்போது 50 சென்டிமீட்டர். சூடாக்கும் மின்கையுறைக்கும் இதே விதி.

சரி, தடுப்பது எது? சரிவின் கோணம். மேல்பனி ஒரே பாளமாகப் பெயர்ந்து வழுக்கும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை உள்ள சரிவுகளில்தான் கிளம்புகின்றன. துரதிர்ஷ்டம், ஸ்னோபோர்டுக்கு ருசியான கோணமும் அதுதான். புயல் அடித்த மறுநாள் 30க்குக் கீழேயே விளையாடுங்கள், தலைக்கு மேலே செங்குத்துச் சரிவு தொங்குகிறதா என்றும் பாருங்கள். போனிலேயே கோணம் அளக்கலாம். ஜப்பான் பனிச்சரிவு வலையமைப்பு என்ற அமைப்பு சில மலைப்பகுதிகளுக்குக் குளிர்காலத்தில் அபாய நிலை அறிக்கை வெளியிடுகிறது, ஐந்து படிநிலை. காலையில் ரயிலில் அதைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

ஜப்பானுக்கே உரிய இன்னொரு வில்லன் சாசா. குட்டை மூங்கில் புல், மலைச் சரிவெல்லாம் வளர்ந்து கிடக்கும். பனியின் கனத்தில் அது கீழ்நோக்கிப் படுத்துக்கொள்ளும், எண்ணெய் தடவிய பாய் போல. அதன்மேல் மொத்தப் பனியும் தரைவரை மெல்ல மெல்ல நகர ஆரம்பிக்கும். மேலே சரிவின் குறுக்கே வாய் பிளந்த மாதிரி பழுப்பு நிற வெடிப்பு தெரியும். அந்த வெடிப்புக்குக் கீழே நிற்கவே கூடாது, எப்போது முழுசாக வழுக்கும் என்று யாராலும் நேரம் சொல்ல முடியாது. மூடிக்கிடக்கும் வெடிப்பில் விழுந்தால் அது வேறு ஆபத்து.

‘மார்ச் வந்துவிட்டால் பயமில்லை’ என்று ஒரு பேச்சு உண்டு. பகல் நீளம், வெயில், பனி இறுகியிருக்கும் என்பதெல்லாம் உண்மை, நானும் முதல் பயணத்துக்கு மார்ச்சைத்தான் சொல்வேன். ஆனால் 2017 மார்ச் 27 அன்று தோசிகி மாகாணத்து நாசுவில், மலையேற்றப் பயிற்சிக்கு வந்த பள்ளி மாணவர்கள் 7 பேரும் ஆசிரியர் ஒருவரும் பனிச்சரிவில் இறந்தார்கள். முந்தைய ராத்திரி புதுப்பனி கொட்டியிருந்தது. பனிக்கு நாள்காட்டி தெரியாது.

மரங்களுக்குள்ளே போனால் பனிச்சரிவு இல்லை என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊசியிலை மரங்களின் தூரைச் சுற்றிப் பனி உதிரியாக, கிணறு மாதிரி இருக்கும். தலைகீழாக விழுந்தால், இரண்டு காலும் பலகையில் கட்டியிருக்கும் ஆளால் தானாக வெளியே வர முடியாது. காட்டுக்குள் இரண்டிரண்டு பேராக, குரல் கேட்கும் தூரத்தில் இறங்குங்கள்.

அனுமதி ஏதாவது வாங்க வேண்டுமா? மாட்டிக்கொண்டால் மீட்கக் காசு கேட்பார்களா? – ஒசாகா

அனுமதி என்பதைவிடத் தகவல் என்று சொல்லலாம். ‘தோசான் தொதோகே’ என்ற ஏற்றத் திட்டத்தை, யார் யார், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று எழுதி முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். இணையத்திலும் கொடுக்கலாம். நகானோ மாதிரி சில மாகாணங்களில் குறிப்பிட்ட மலைவழிகளுக்கு இது சட்டப்படியே கட்டாயம், அங்கே 2016 முதல். மைதானத்திலிருந்து வெளியே போவதென்றால் கயிற்றைத் தாண்டாதீர்கள், அதற்கென்று வைத்திருக்கும் கேட் வழியாகப் போங்கள். கேட் மூடியிருந்தால் அன்றைக்குப் போகவேண்டாம் என்று அர்த்தம்.

போலீஸ் 110, தீயணைப்பும் ஆம்புலன்ஸும் 119. போலீஸ் ஹெலிகாப்டருக்குப் பொதுவாகக் காசு கேட்பதில்லை. ஆனால் தேடப் போவது உள்ளூர்த் தனியார் மீட்புக் குழுவோ மைதானத்து ரோந்துக்காரர்களோ என்றால் பில் வரும், ஆள் கணக்கில், மணிக் கணக்கில். பேக்கன்ட்ரிக்கும் செல்லும் மலைக் காப்பீடு ஒரு நாளைக்கென்றேகூடக் கிடைக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹக்கோடா மலையில் ராணுவமே உறைந்து செத்த கதையைக் கேள்விப்பட்டேன். நிஜமா? அங்கேயா போய்ச் சறுக்குகிறார்கள்? – மதுரை வாசகர்

நிஜம். 1902 ஜனவரி 23 அன்று, அயோமோரியிலிருந்து ஐந்தாவது காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த 210 பேர் குளிர்காலப் பயிற்சிக்காக ஹக்கோடா மலைக்குள் நுழைந்தார்கள். ரஷ்யாவோடு போர் வரும் என்று ஜப்பான் ராணுவம் தயாராகிக்கொண்டிருந்த காலம். பக்கத்து கிராமத்தார் வழிகாட்ட வருகிறோம் என்றதற்கு, வேண்டாம், எங்களிடம் வரைபடமும் திசைகாட்டியும் இருக்கிறது என்றுவிட்டார்கள். சாமான் ஏற்றிய சறுக்குவண்டிகள் ஆழப் பனியில் புதைந்தன, புயல் பிடித்துக்கொண்டது, போக வேண்டிய தாஷிரோ வெந்நீர் ஊற்று மிக அருகில் இருந்தும் கண்ணுக்குத் தெரியவில்லை. வட்டம் வட்டமாகச் சுற்றினார்கள். 199 பேர் இறந்தார்கள். உதவிக்கு முன்னால் அனுப்பப்பட்ட கொத்தோ என்ற கார்ப்பரல் பனியில் நின்றபடியே விறைத்து, ஆனால் உயிரோடு நின்றிருந்தார், அவரைப் பார்த்துத்தான் தேடி வந்தவர்களுக்கு விஷயமே தெரிந்தது. அவருக்கு அங்கே சிலை இருக்கிறது.

அதே நாட்களில் ஹிரோசாகியிலிருந்து இன்னொரு சின்னப் படை, முப்பத்தேழு பேரும் கூட ஒரு பத்திரிகைக்காரரும், எதிர்ப் பக்கத்திலிருந்து அதே மலையைக் கடந்தது. அவர்கள் ஊருக்கு ஊர் உள்ளூர் வழிகாட்டிகளை அமர்த்திக்கொண்டார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும், நான் விளக்கவேண்டியதில்லை.

இப்போது அங்கே ரோப்வே ஓடுகிறது. 1,324 மீட்டரில் தாமோயாச்சி மேட்டில் இறக்கிவிடும். சுற்றிலும் ஊசியிலை மரங்கள் உறைபனி ஏறி ஆளுருவம் கொண்டு கூட்டமாக நிற்கும், பார்க்கக் கண்கோடி வேண்டும். மேகம் இறங்கிவிட்டால் அத்தனையும் ஒரே வெள்ளை, எது மேடு எது பள்ளம் என்று தெரியாது. 1902 அப்போது புரியும். அங்கே நான் உள்ளூர் வழிகாட்டியோடு மட்டும் போகச் சொல்வேன், முடிவில் சுகாயுவின் பழைய மரக் குளியல் கூடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

டிசம்பர் விடுமுறையில் ஹொக்கைடோ போகிறோம். அசாஹிதாகேயில் ஒரு நாள்? – துபாய் வாசகர்

அசாஹிதாகே வடக்குத் தீவான ஹொக்கைடோவின் உச்சம், 2,291 மீட்டர். ரோப்வே 1,600 மீட்டர் வரை கொண்டுபோய் விடும். பனி அவ்வளவு லேசு, கையில் அள்ளி ஊதினால் பறந்துவிடும். ஆனால் டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், மரமில்லாத வெட்டவெளியில் காற்று அடித்தால் ரோப்வேயும் நின்றுவிடும். அதனால் ஒரு நாள் என்று குறித்துக்கொண்டு போகாதீர்கள், மூன்று நாள் அங்கே தங்குவதாகப் போய் அதில் ஒரு நல்ல நாள் கிடைத்தால் அதிர்ஷ்டம். மேலே நிலையத்துக்கு அருகே கந்தகப் புகை கக்கும் வாய்கள் இருக்கின்றன, எரிமலைதான் அது. புகையை ஒட்டிய பள்ளங்களில் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம். முதல் தடவைக்கு ரோப்வேக்கு அடியிலேயே, காட்டு ஓரமாக, அடையாளக் கம்பம் கண்ணில் படும் தூரத்தில் ஸ்னோஷூவில் சுற்றினாலே நாள் நிறைந்துவிடும்.

நான் சைவம். மலையில் என்ன சாப்பிடுவது? – நாகோயா வாசகி

கடையில் விற்கும் ஒனிகிரி என்ற சோற்று உருண்டையில் உமே, அதாவது ஊறுகாய்ப் பிளம் வைத்தது ஓரளவு நம்பிக்கையானது, ஆனால் சில கடைகள் அதிலும் மீன் சீவலைக் கலப்பார்கள், பின்பக்கப் பொருள் பட்டியலைப் பாருங்கள். கொம்பு என்ற கடற்பாசி வைத்ததில் மீன் சாறு பெரும்பாலும் இருக்கும். எப்படியானாலும் ஒனிகிரியைப் பையின் வெளியறையில் வைக்காதீர்கள். குளிரில் சோறு விறைத்து அரிசியாகவே திரும்பிவிடும். சட்டைக்கு உள்ளே, வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

என் ஓட்டு யோகானுக்கு. பயறு விழுது, சர்க்கரை, அகர் அகர் மட்டும் சேர்த்துச் செய்த கட்டி, விரல் நீளத்தில் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. உறையை ஒரு முனையில் பிதுக்கினால் கையுறை கழற்றாமலே வாய்க்குள் வந்துவிடும். வீட்டில் கடலை உருண்டை இருந்தால் அது இதைவிட உசத்தி, பல் மட்டும் ஜாக்கிரதை. ஃபிளாஸ்க்கில் வெந்நீர் நிறைய எடுத்துப்போங்கள், ரசப்பொடியும் உப்பும் போட்டுக் கலக்கிக் குடித்தால் பக்கத்தில் நிற்கும் ஜப்பானியர் என்ன வாசனை என்று கேட்டே தீருவார்.

எனக்கு அறுபத்திரண்டு வயது. பலகையெல்லாம் வேண்டாம். ஸ்னோஷூ மட்டும் போட்டு நடக்க முடியுமா? – மகனோடு தங்க வந்திருக்கும் திருச்சி வாசகி

தாராளமாக, அம்மா. நகானோவின் நொரிகுரா மேட்டுநிலத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். ஜென்கோரோ என்ற அருவி குளிர்காலத்தில் நீலமாக உறைந்து நிற்கும், அதுவரை காட்டுவழியில் நடை, செங்குத்து அதிகமில்லை. வாடகைக்கு ஸ்னோஷூ அங்கேயே கிடைக்கும். காலை சற்று அகட்டி வைத்து நடங்கள், பின்னோக்கி நடக்க முயலாதீர்கள், வால்பகுதி பனியில் குத்தி உட்கார்த்திவிடும். மகன் வேகமாகப் போனால் விட்டுவிடுங்கள், புதுத் தடம் போட்டு அவர் சீக்கிரமே களைத்துவிடுவார்.

பலகையோடு ஷின்கான்சென் ஏறவிடுவார்களா? என் தோளில் பச்சை குத்தியிருக்கிறேன், முடிந்ததும் வெந்நீர்க் குளியலுக்குப் போக முடியுமா? – கவாசாகி

பலகை: உறை போட்டால் ஏறலாம். பெரிய மூட்டைக்கு இடம் முன்பதிவு செய்யவேண்டும் என்ற விதி தோக்கைதோ, சான்யோ, கியூஷூ பக்க ரயில்களுக்கு, ஜோஎத்சுவுக்கு இல்லை. பெட்டியின் கடைசி வரிசை இருக்கைக்குப் பின்னால் சுவரோடு சாய்த்து வைக்கலாம், அந்த வரிசையிலேயே டிக்கெட் எடுத்தால் நிம்மதி. சுமக்க அலுப்பாக இருந்தால் முந்தைய நாட்களிலேயே தக்கியூபின் கூரியரில் விடுதிக்கு அனுப்பிவிடலாம், ஆனால் ஒரு நாள் பயணத்துக்கு அது தோதுப்படாது.

பச்சை: பல பொதுக் குளியல் இடங்களில் இன்னும் விடமாட்டார்கள். சில இடங்களில் தோல் நிற ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தால் சரி என்பார்கள், அந்த ஸ்டிக்கர் கடைகளில் கிடைக்கிறது. போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். அதுவும் வேண்டாமென்றால் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் தனிக் குளியலறை உள்ள விடுதிகள் தனிகாவா அடிவாரத்து மினாகாமி ஊரில் இருக்கின்றன, கடைசி பஸ் நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.